யாருடைய தாகம்

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கோகிலவாணியின் இடது தோளில் ஒரு கடுப்பு வந்து உட்கார்ந்தது. அவளுக்குத் தோள்வலி கிடையாது. வெகுநேரம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் வருகிற கடுப்பு அது. அப்படிப் படுத்துக் கிடந்தவர் மூன்றாவது மாடியில், இன்னும் திறக்காத கதவுக்குப் பின்னால் இருந்தார்.

அவள் முழங்கைக்கு மேல் கட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டையின் வேலை அது. அதே மாதிரி ஒரு பட்டை உள்ளே சென்னியப்பனின் கையிலும் இருந்தது. அவர் உடம்பில் எழுகிற வலி, பசி, குளிர், மூத்திரம் முட்டுவது என எல்லாவற்றையும் அது வாங்கி, ஆறில் ஒரு பங்காகக் குறைத்து, ஐம்பது அடி தூரத்துக்குள் கோகிலா வந்ததும் அவள் உடம்புக்கு அனுப்பிவிடும். கோயம்புத்தூரில் 'அருகிருப்பு' என்ற வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் தன்னிடம் வேலை பார்க்கும் எண்பது பேருக்கும் இதைக் கட்டிவிட்டு ஒரு வருடமாகிறது. நோயாளி வாய் திறக்கும் முன்னால் உங்கள் கை நீள வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

கோகிலா அதற்கு முன்பு பத்து வருடம் பட்டை இல்லாமல் இந்த வேலையைச் செய்தவள். பட்டை கட்டிய முதல் நாள் அதே ஊரில் ராமநாதபுரம் பகுதியில் டொரத்தி அம்மாவின் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாவுக்குப் பேச்சு போய் நான்கு வருடம். அறைக்குள் நுழைந்ததும் கோகிலாவின் முதுகில் ஊசி மாதிரி ஏதோ குத்தியது. திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தால், கீழே விரிப்பு மடிந்து ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. ஒரு சுருக்கம், அவ்வளவுதான். பத்து வருடத்தில் இப்படி எத்தனை பேருடைய எத்தனை சுருக்கங்களைப் பார்க்காமல் போனோம் என்று அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். அதனால் பட்டையை அவள் மதித்தாள். அது எப்படி வேலை செய்கிறது, எதையெல்லாம் அனுப்புகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

வலியும் பசியும் மட்டுமல்ல, வேறொன்றும் அதில் வருகிறது என்பதை அவள் கண்டுபிடித்தது கணபதிப் பகுதியில் இருந்த இந்த வீட்டில்தான். சென்னியப்பனுக்கு எழுபத்தோரு வயது. மோட்டார் பம்பு செய்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் திரும்பி வந்திருந்தது. மகன் வெளிநாட்டில் இருந்தான். மருமகள் சிந்துஜா பக்கத்து அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பாள்.

ஆரம்ப நாட்களில் ஒருமுறை, அறைக் கதவு திறந்திருக்க, "தாத்தா, டயப்பர் மாத்திரலாமுங்களா?" என்று கோகிலா சத்தமாகக் கேட்டாள். தாத்தா, பாட்டி என்று உறவு சொல்லிக் கூப்பிடும்படி நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். உடனே அவளுடைய காது மடல் சுட்டது. கழுத்து சுட்டது. காய்ச்சலோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், இல்லை. மறுநாளும் அதே நேரத்தில் அதே சூடு. மூன்றாம் நாள் கதவைச் சாத்தினாள். இடுப்புக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள். குரலைத் தாழ்த்தி, "ஐயா, மாத்தட்டுங்களா?" என்றாள். சூடு வரவில்லை.

அதைப் பதிவு செய்ய அவள் செயலியைத் திறந்தாள். வலி, பசி, தாகம், கழிவு, மூச்சு, தூக்கம் என்று ஆறு கட்டங்கள் இருந்தன. கூச்சத்துக்குக் கட்டம் இல்லை. அன்றிலிருந்து அவள் எந்த வீட்டிலும் யாரையும் தாத்தா என்று கூப்பிடவில்லை.

நடுவில் உதவி வேண்டுமென்றால் சென்னியப்பன் தன் பட்டையில் இருக்கும் பித்தானை அழுத்தலாம். கோகிலா எந்த வீட்டில் இருந்தாலும் வேலையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அழுத்துவார். கடந்த ஐந்து மாதமாக அது குறைந்துகொண்டே வந்து, இப்போது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. செயலியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை இலை ஒன்று முளைத்திருந்தது. மேலாளர் பிரசன்னா குழுவில் அவளைப் பாராட்டிக்கூட எழுதியிருந்தார். பாராட்டு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு தேறாத ஒரு மனுசருக்குத் தேவை மட்டும் எப்படிக் குறையும் என்று அவள் யோசித்தாள்.

அன்று அவரை உட்கார வைக்கத் தூக்கும்போது அவளுக்கு இடுப்பில் பளீரென்று பிடித்துக்கொண்டது. முகத்தில் காட்டாமல் தலையணையைச் சரி செய்தாள்.

"உக்காருங்க அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

"எதுக்குங்க? இன்னும் உடம்பு தொடைக்கோணுமே."

"அது கெடக்குது. இடுப்ப நிமித்தி அந்தச் சேர்ல செத்த உக்காருங்க."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவளுடைய முகத்தையே அவர் பார்க்கவில்லை. கோகிலா உட்கார்ந்தாள். இடுப்பு என்று எப்படிச் சொன்னார்? ஊகமாக இருக்கலாம்.

ஆனால் அதே வாரம் டொரத்தி அம்மா வீட்டில் இன்னொன்று நடந்தது. கோகிலாவுக்குக் கடைவாய்ப்பல் வலித்துக்கொண்டிருந்தது. கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பினாள். டொரத்தி அம்மா அசைகிற ஒரே கையைத் தூக்கித் தன் வலது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு வாயில் ஒரு பல்லும் கிடையாது. கோகிலாவுக்கு வலித்ததும் வலது பக்கம்தான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் சென்னியப்பன் வீட்டுக்கு வந்ததும், "ஐயா, நான் ஒண்ணு சோதிச்சுப் பாக்கட்டுங்களா? கண்ண மூடிக்குங்க. எங்க என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

"என்னத்த சோதிக்கறீங்க?"

"மொதல்ல சொன்னா சோதனை ஆகாதுங்களே."

பம்பு சோதித்த மனுசருக்கு அது பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கோகிலா சமையலறைக்குப் போய் உறைபெட்டியிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்து இடது கையில் இறுக்கிப் பிடித்தாள்.

"இடது உள்ளங்கைல சில்லுனு இருக்குதுங்க," என்று அறையிலிருந்து குரல் வந்தது.

 கட்டியை வலது கைக்கு மாற்றினாள். இந்த முறை பதில் வரவில்லை. கட்டி பாதி கரைந்து விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. அவள் அறை வாசலுக்கு வந்தாள். அவர் கண்ணைத் திறந்து, போர்வை மேல் செத்துக் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைல," என்றார். "ரெண்டு வருசமாச்சு அம்மிணி, இதுல ஒண்ணு தெரிஞ்சு."

 பிறகு அவரே சொன்னார்: "அஞ்சு மாசமா எனக்கு உங்க நோவு வருது. மொத நாள் பயந்துட்டேன். அப்புறம், இதும் பட்டையோட வேலைதான், உங்களுக்குச் சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு யாரும் சொல்லலீங்க."

"அப்படீங்களா?"

"அதனாலதான் நீங்க பித்தான அழுத்தறதில்லீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே, கட்டிலிலிருந்து அவருடைய இடது கைக்கு எட்டுகிற விளிம்பில், தொட்டியில் ஒரு கற்றாழை இருந்தது. அது அடி அழுகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கற்றாழை போய் அழுகுமா என்று கோகிலா நினைத்தாள். ஆனால் அப்போது அதற்கு மேல் நினைக்க நேரமில்லை. அடுத்த வீட்டுக்கு மணியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சென்னியப்பனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. சிந்துஜா வரவழைத்த மருத்துவர் மூத்திரத்தைப் பரிசோதித்துவிட்டு, கிருமித்தொற்று என்றார். "தண்ணியே குடிக்கறதில்ல போல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கணும். யாரு பாத்துக்கறா இவரை?"

சிந்துஜா கோகிலாவைப் பார்த்தாள்.

தினமும் காலையில் இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி, குழாய் போட்டு, அவருடைய இடது கைக்கு எட்டும்படி வைப்பது கோகிலாதான். மறுநாள் வரும்போது பாட்டில் காலியாக இருக்கும். அவள் ஜன்னலுக்குப் போய்த் தொட்டிக்குள் விரலை விட்டாள். மண் சேறாகக் குழைந்தது.

மருத்துவர் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்கய்யா இப்படிப் பண்ணுனீங்க?"

"தண்ணி குடிச்சா மூத்திரம் வரும். வந்தா டயப்பர் மாத்தோணும். மாத்தோணும்னா என்னையப் பொரட்டோணும். பொரட்டறப்ப உங்க இடுப்புல கத்தி சொருகற மாதிரி வருதுங்க. ஆறுல ஒரு பங்கே எனக்கு அப்படின்னா, உங்களுக்கு?" மூச்சு வாங்கினார். "மத்தியானம் கூப்பிட்டாலும் நீங்கதான அந்த இடுப்போட வரோணும்."

"தாகம் எடுக்கலீங்களா?"

"எடுத்துதுங்க. பொறுத்துக்குவேன். பாதி உங்க தாகம்னு நெனச்சேன். நீங்க உள்ள வந்ததும் நாக்கு இன்னும் வறளும். இந்தப் புள்ள ஏன் தண்ணியே குடிக்கமாட்டீங்குதுன்னு நெனைப்பேன்."

 ஐந்து மாதமாக இந்த அறைக்குள் வந்தாலே கோகிலாவுக்கும்தான் நாக்கு வறண்டது. அவள் அதைத் தன் தாகம் என்றே நினைத்திருந்தாள். நினைக்கக் காரணம் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு மாலை மூன்று மணி வரைக்கும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. வாடிக்கையாளர் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. கீழே காவலாளியின் கழிப்பறை இருக்கிறது என்று சிந்துஜாவும் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவளோடு வேலை பார்க்கும் எல்லாப் பெண்களும் இப்படித்தான் நாக்கு வறண்டு திரிந்தார்கள்.

"உங்க தாகத்த நான் என்னுதுன்னு நெனச்சேன். நீங்களும் அதுல பாதிய என்னுதுன்னே நெனச்சீங்க. ரெண்டு பேருமே குடிக்கலை," என்றாள் கோகிலா.

சென்னியப்பனுக்குக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது. "நல்ல சோடிதானுங்க நாம."

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிந்துஜா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கோகிலாவிடம் நீட்டினாள். "குடிங்க. இந்த ரூம்ல இருக்கற பாத்ரூமுக்கே போய்க்குங்க இனிமே. நான் இதை யோசிக்கவே இல்ல." அவள் முகம் சிவந்திருந்தது. அதை அறிய பட்டை தேவைப்படவில்லை.

பட்டையைப் பழுது பார்க்கிற இடம் பீளமேட்டில் இருந்தது. அங்கே இஷ்ரத் என்ற பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோகிலா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ரெண்டும் ஒரே பட்டைதான் அக்கா. வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். உங்ககிட்டருந்து அவங்களுக்குப் போற வழிய மட்டும் அடைச்சு வச்சிருந்தோம்."

"இப்ப அடைப்பு ஒடஞ்சு போச்சுங்களா? கோளாறா?"

இஷ்ரத் மேசையில் இருந்த திருப்புளியை இங்கும் அங்கும் உருட்டினாள். "அஞ்சு மாசம் முன்னால புது மென்பொருள் போட்டாங்கல்ல? அதுல அடைப்பத் தளர்த்தி வச்சிருக்காங்க. தெரியாம இல்ல. முதல்ல பன்னெண்டு வீட்டுல வச்சு அளந்து பாத்தாங்க. பார்த்துக்கறவங்க களைப்பு நோயாளிக்குத் தெரிஞ்சா, அவங்க கூப்பிடறது பாதியாக் கொறையுது."

"கொறையும். பாவம்னு விட்டுருவாங்க."

"ஆமாக்கா. அந்தக் கணக்கு எழுதுன காகிதத்துல அதுக்கு 'ஒத்துழைப்பு மேம்பாடு'ன்னு பேரு."

கோகிலாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஒரு பூட்டுக்குள் சாவி திரும்புகிற மாதிரி ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தன. பச்சை இலை. பாராட்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால் மூன்று வீடாக இருந்த வேலை நான்கு வீடாக மாறியது. நான்கு வீடானதால் வந்த இடுப்பு வலி. அந்த வலியைப் பார்த்து இன்னும் குறைவாகக் கூப்பிட்ட நோயாளிகள்.

"நாங்க எவ்வளவு நொந்து போறமோ, அவ்வளவு அவங்க கேக்கமாட்டாங்க. அப்படித்தான?" என்றாள்.

இஷ்ரத் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "இத நான் உங்ககிட்டச் சொன்னேன்னு தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது அக்கா," என்றாள்.

மறுநாள் கோகிலா சென்னியப்பனிடம் சொன்னாள். காய்ச்சல் விட்டிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் வந்தாள். அவருடைய உடம்பை வைத்து நடந்த காரியம் அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

அவர் கேட்டு முடித்தார். அவளுடைய நெஞ்சில் ஏதோ கனமாக இறங்கியது. வலியில்லை, பசியில்லை, எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒன்று.

"இந்தப் படுக்கைல விழுந்ததுலருந்து எல்லாரும் எனக்குச் செய்யறாங்க. திருப்பி ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்ய முடியலை," என்றார் மெதுவாக. "இந்த அஞ்சு மாசம் தாகத்தப் பொறுத்துட்டுப் படுத்திருப்பேன் பாருங்க, அப்ப மட்டும், நாமளும் ஒருத்தருக்கு உபகாரமா இருக்கறோம்னு தோணும். அதையும் அவங்கதான் அளந்து வச்சிருக்கறாங்களா?"

கோகிலா அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானமாக ஏதாவது சொல்லத் தோன்றியது. சொன்னால் அது பொய்யென்று அந்தக் கை கண்டுகொள்ளும். பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேலாளரு எப்ப வருவாருங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"திருப்தி கேக்க, வர்ற புதன்கிழமை. ஐயா, வேண்டாமுங்க. உள் விசயத்த வெளிய சொன்னா வேலை போயிரும்னு கையெழுத்து வாங்கிருக்கறாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. யாரு பேரும் நான் எடுக்கலை. என் உடம்பு, நான் பேசறேன்."

புதன்கிழமை பிரசன்னா வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. கட்டிலருகே உட்கார்ந்து மடியில் பலகைக் கணினியை வைத்துக்கொண்டார். சிந்துஜா கதவோரம் நின்றாள். கோகிலா கால்மாட்டில் நின்றாள்.

"எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க சார்?"

"போடறனுங்க. அதுக்கு முன்னால அம்மிணி கைல இருக்கற பட்டைய நீங்க ஒருக்கா கட்டிப் பாருங்க. சோதிக்காத சாமானத்துக்கு நான் மார்க்குப் போட்டுப் பழக்கமில்லை."

பிரசன்னா சிரித்தபடி கட்டிக்கொண்டார். கட்டிய கொஞ்ச நேரத்தில் தன் இடது தோளைத் தடவினார். பிறகு நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்கு ஒண்ணுக்கு வருது போல..."

"ஆமாங்க. பரவால்ல, நீங்க கேளுங்க," என்ற சென்னியப்பன் கண்ணை மூடினார். "உங்களுக்கு நெஞ்சுக்குக் கீழ எரியுது. காலைல வெறும் காப்பியோட வந்துருக்கறீங்க. வலது கண்ணுக்குப் பின்னால விண்ணுனு தெறிக்குது. சரியாத் தூங்கி நாலஞ்சு நாள் ஆச்சுங்களா?"

பிரசன்னாவின் சிரிப்பு நின்றது. "எப்படி சார் சொல்றீங்க?"

"அதத்தான் நான் உங்களைக் கேக்கறேன். எனக்கு எப்படித் தெரியுது?"

"ஏதாவது கோளாறா இருக்கும். நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

"கோளாறுன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப உங்க நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளுச்சு. இன்னொருக்காச் சொல்லுங்க, பாக்கலாம்."

பிரசன்னா சொல்லவில்லை. அவருடைய கை பட்டையைக் கழற்றப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. 

"எண்பது பேருதான் சார் இருக்காங்க," என்றார் கடைசியில். "நானூறு வீடு ஆள் இல்லாமக் காத்திட்டிருக்கு. தினமும் யாராவது போன் பண்ணி அழறாங்க. ஆளுக்கு இன்னொரு வீடு பாத்தா எண்பது வீட்டுக்கு வழி பொறக்கும்னாங்க. யாரையும் கட்டாயப்படுத்தலை, நோயாளிங்க தாங்களா விட்டுக் குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"விட்டுக் குடுத்தது நானுங்க," என்றார் சென்னியப்பன். "என்னையக் கேக்காம எடுத்துக்கிட்டது நீங்க."

பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டார். சென்னியப்பன் திடீரென்று சுட்ட தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் குரல் கொஞ்சம் தணிந்தது.

"அம்மிணி, அந்தக் கதவச் சாத்திட்டு நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க. அவரு செத்த நேரம் உக்காந்திருக்கட்டும்."

கோகிலாவும் சிந்துஜாவும் கூடத்தில் காத்திருந்தார்கள். அரைமணி நேரம் கழித்துப் பிரசன்னா வந்தார். பட்டையைக் கோகிலாவின் கையில் கொடுத்தார். "அவருக்கு நானே யூரின் கேன் பிடிச்சுட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார். லிஃப்டை மறந்துவிட்டார் போலிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கோகிலா ஒவ்வொரு நாளும் வேலை போய்விட்டதென்ற செய்தியை எதிர்பார்த்தாள். சிந்துஜா மருத்துவரின் சீட்டை வைத்துக்கொண்டு மற்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்தாள். அதே ஐந்து மாதத்தில் அதே தொற்று வந்த வீடுகள் பதினொன்று இருந்தன. எல்லோரும் சேர்ந்து மனு எழுதினார்கள். அதோடு, முதல் பன்னிரண்டு வீட்டில் அளந்த கணக்கு முழுவதும் யாரோ அனுப்பியதாகச் சிந்துஜாவின் கணினிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியது இஷ்ரத் என்று கோகிலா நினைத்தாள். இஷ்ரத், தான் அனுப்பவில்லை என்றாள். அடுத்த வாரம் பிரசன்னா வேலையை விட்டுவிட்டார் என்று குழுவில் போட்டிருந்தார்கள்.

நிறுவனம் மன்னிப்புக் கேட்கவில்லை. மென்பொருள் மாற்றப்படுகிறது என்று இரண்டு வரி அறிவிப்பு வந்தது. திரும்பிப் போகிற வழி அடைக்கப்பட்டது. வேலை பழையபடி மூன்று வீடானது. வீடுகளில் பணியாளர் கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்கித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒரு விதி சேர்ந்தது. காத்திருந்த நானூறு வீடுகளோடு இன்னும் எண்பது சேர்ந்துகொண்டன; அதற்கு யாரிடமும் விடை இல்லை. பட்டை வேண்டுமா, வேண்டாமா என்று நோயாளிகளே சொல்லலாம் என்றார்கள். டொரத்தி அம்மாவுக்கு அது இருக்கட்டும் என்று அவர் மகள் சொன்னாள். டொரத்தி அம்மாவும் கண்ணை மூடித் திறந்து சம்மதம் சொன்னார். பேச முடியாதவருக்குப் பட்டையை விட்டால் வேறு நாக்கு இல்லை.

சென்னியப்பன் வீட்டுக்கு இஷ்ரத்தே வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா, உங்களுக்கு மட்டும் ரெண்டு பக்க வழியையும் தெறந்தே வச்சுக்கலாம்," என்றாள். "அக்கா சொன்னாங்க, உங்க வலது கை விசயம்."

அவர் போர்வை மேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றார். கோகிலா தான் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று அன்று முழுவதும் வேலையிலேயே கண்ணாக இருந்தாள்.

மறுநாள் அவர், "கழட்டிருங்க," என்றார்.

"கை?" என்றாள் இஷ்ரத்.

"சில்லுனு தெரிஞ்சது என் கை இல்லீங்களே. அது அம்மிணியோட கை."

இஷ்ரத் அவருடைய பட்டையைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் போட்டு எடுத்துப் போனாள். அவருடைய கையில் பட்டை இருந்த இடத்தில் வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் லிஃப்டில் ஏறும்போது கோகிலாவின் தோளில் ஒன்றும் வந்து உட்காரவில்லை. மூன்றாவது மாடி வரைக்கும் அவளுடைய உடம்பில் அவள் மட்டும்தான் இருந்தாள். சிந்துஜா கதவைத் திறந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். கோகிலா சென்னியப்பனின் அறை முன்னால் வந்து நின்றாள். கதவு சாத்தியிருந்தது.

இத்தனை நாளும் அவள் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போயிருக்கிறாள். உள்ளே இருப்பவர் விழித்திருக்கிறாரா, வலிக்கிறதா, வரலாமா, கூடாதா என்பதெல்லாம் கதவுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. மரக்கதவு மரக்கதவாக இருந்தது. அவள் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஐயா, உள்ள வரலாமுங்களா?"

 உள்ளிருந்து குரல் வந்தது. இதுவரை அவள் கேட்டறியாத, சாவகாசமான குரல்.

"ரெண்டு நிமிசம் கழிச்சு வாங்க அம்மிணி."

கோகிலா கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். படுத்த படுக்கையாக இருக்கிற மனுசருக்கு இரண்டு நிமிடத்தில் என்ன வேலை இருக்கும்? வேட்டியைச் சரி செய்கிறாரா, ஏதாவது நினைவு வந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறாரா, சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, இல்லை, ஒருவரைக் காக்க வைக்க முடிகிறது என்பதை அனுபவித்துக்கொண்டிருக்கிறாரா? எத்தனையோ தோன்றின. அவள் காதைக்கூடக் கதவுப் பக்கம் கொண்டுபோகவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து அவர் கூப்பிட்டார். அவள் உள்ளே போனாள். அவர் எப்போதும் போலத்தான் படுத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பது அவளுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.